கழற்ற ஏது செருப்பு?

(போர்டிங் நாட்கள் பற்றி உங்கள் கேள்விகளும் என் பதில்களும்)

இரண்டு இதழ்களுக்கு முன்னால், நான் வளர்ந்த பிள்ளைகள் இல்லத்தைப் பற்றி இந்தப் பகுதியில் கொஞ்சம் எழுதி, 1963-ல் எடுத்த ஒரு குரூப் போட்டோவையும் கொடுத்திருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் படத்தில் இருந்த முகங்களை விட்டுவிட்டுக் கால்களைத்தான் விசாரிக்கின்றன. அறுபது வருஷமாக அந்தப் படம் என் பெட்டிக்குள் கிடக்கிறது, எனக்குக் கால் கண்ணில் பட்டதே இல்லை. சரி, இந்த முறை காலைப் பற்றியே பேசிவிடலாம். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: இல்லம் இருந்தது தேரிக்காட்டு ஓரம், தேரி என்றால் செம்மணல் மேடு. அப்போது திருநெல்வேலி ஜில்லா, 1986-க்கு அப்புறம் தூத்துக்குடி மாவட்டம். நான் ஆறு வயதில், 1958-ல் போனேன். 1969-ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து வெளியே வந்தேன்.

படத்தில் முப்பது பெண்பிள்ளைகள் நிற்கிறீர்கள். ஒருவர் காலிலும் செருப்பு இல்லை. போட்டோவுக்காகக் கழற்றி வைக்கச் சொன்னார்களா? (கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகி)

கழற்ற ஏது செருப்பு, மகளே? அறுபத்துச் சொச்சம் பேர் இருந்த இல்லத்தில் பிள்ளைகளுக்கென்று இருந்தவை மொத்தம் ஏழு ஜோடி. மூன்று ஜோடி கட்டைச் செருப்பு, கக்கூஸ் வாசலில் கிடக்கும். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே மரக்குமிழ் வைத்தது. ஈரத்தில் ஊறி ஊறிக் கறுத்துப்போய், போட்டால் வழுக்கும். நாலு ஜோடி டயர் செருப்பு, விறகுக் கொட்டகையில் ஆணியில் தொங்கும். அதற்கு ‘விறகுச் செருப்பு’ என்றே பெயர். விறகு பொறுக்கப் போகிறவர்கள் மட்டும்தான் அதைத் தொடலாம்.

விறகுக்கு எட்டுப் பேர் போவோம். செருப்பு நாலு ஜோடி. எப்படிப் பங்கு போட்டிருப்போம் என்று நினைக்கிறீர்கள்? ஆளுக்கு ஒரு கால்! சிரிக்காதீர்கள், அதில் ஒரு கணக்கு இருந்தது. எங்கள் பக்கம் விறகு என்றால் உடைமரத்துச் சுள்ளி. வெள்ளை வெளேரென்று விரல் நீளத்துக்கு முள் இருக்கும். செருப்புக் காலால் சுள்ளியை மிதித்து அமுக்கிக்கொண்டு, கையால் ஒடிக்க வேண்டும். மிதிக்க ஒரு கால் போதும், மற்றது சும்மா நிற்கிற கால்தானே. செருப்பு பெரிய ஆள் அளவு என்பதால் பனைநாரால் கணுக்காலோடு சேர்த்துக் கட்டிக்கொள்வோம். திரும்பி வரும்போது எட்டுப் பேரும் நொண்டிக் குதிரை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து வருவோம்.

சும்மா நின்ற காலில் முள் ஏறாதா என்றால், ஏறும். ஊக்கால் நோண்டி எடுப்போம். உள்ளேயே முறிந்துவிட்டால் எருக்கம்பால் ஒரு சொட்டு வைத்துவிட்டு, மறுநாள் பார்ப்போம்.

வெயில் காலத்தில் தேரி மணலில் எப்படி நடந்தீர்கள்? நான் சாத்தான்குளம் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வந்து, செருப்போடு நடந்தே துடித்துப்போனேன். (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

ஓடித்தான். கையில் ஒரு கொத்து இலை வைத்திருப்போம். நிழலிலிருந்து நிழலுக்கு ஓடுவது, நடுவில் தாங்காமல் போனால் இலையைக் கீழே போட்டு அதன்மேல் நின்று கொஞ்சம் ஆற்றிக்கொள்வது, மறுபடி எடுத்துக்கொண்டு ஓடுவது. பாவாடை நுனியைக் காலடியில் போட்டு நின்றவர்களும் உண்டு, அவர்களுக்குத் துவைக்கிற அன்றைக்கு ஏச்சு கிடைக்கும். ஒன்பது வயதுக்கு மேல் அவ்வளவாகச் சுடாது. உள்ளங்கால் தோல் அதற்குள் பழைய மாட்டுவண்டி வாரைப்போல ஆகிவிடும்.

1931-லேயே பாட்டா கம்பெனி இந்தியாவுக்கு வந்துவிட்டது. அறுபதுகளில் செருப்பு அவ்வளவு அபூர்வமா? சற்று மிகைப்படுத்துகிறீர்களோ? (சென்னையிலிருந்து ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர்)

கம்பெனி வந்தது சார், செருப்பு எங்கள் ஊருக்கு வரவில்லை. உங்கள் தெருவில் கடை இருந்திருக்கும். எங்களுக்குக் கடை என்றால் வாரச்சந்தை. அங்கே செருப்பு தைக்கிறவர் ஒருவர் தேய்ந்த லாரி டயரை விரித்துப்போட்டு, நம் காலை அதன்மேல் வைக்கச் சொல்லி, சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டு, அரிவாள் மாதிரி ஒரு கத்தியால் வெட்டித் தருவார். வாருக்கு உள்டியூப். நாலு ஆணி. தேயவே தேயாது, ஆனால் இரும்பு கனம். எங்கள் ஊரில் அதுவும்கூட வண்டிக்காரருக்கும் ஆடு மேய்க்கிறவருக்கும்தான். பெண்பிள்ளைக்கு எவர் வாங்கித் தருவார்?

இல்லத்தில் மட்டும் இல்லை, ஊரிலும் பிள்ளைகள் வெறுங்காலோடுதான் திரிந்தார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும். இல்லத்தைக் குறை சொல்லும்போது ஊரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காவிட்டால் அது நியாயமாகாது. வித்தியாசம் என்னவென்றால், ஊர்ப் பிள்ளைக்குத் திருவிழாவுக்கு ஒரு தடவையாவது யாராவது வாங்கித் தருவார்கள், அது அவள் காலுக்கு அளவாக இருக்கும்.

ஹவாய் செருப்பு எங்கள் கண்ணில் பட்டது அறுபதுகளின் நடுவில். வெள்ளை அடி, நீல வார். நகரத்துக்குப் போய் டீச்சர் டிரெயினிங் படித்த ஒரு அக்கா போட்டுக்கொண்டு வந்தாள். பட் பட்டென்று குதிகாலில் அடிக்கிற அந்தச் சத்தத்துக்காகவே நாங்கள் அவள் பின்னால் நடந்தோம். 1968-ல், அடுத்த வருஷம் பரீட்சைக்குப் போகிற வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் இல்லத்திலேயே ஆளுக்கு ஒரு ஜோடி ஹவாய் கொடுத்தார்கள். அடியில் பழுக்கக் காய்ச்சின கம்பியால் நம்பர் போட்டுத் தந்தார்கள். என் நம்பர் 43. தட்டு, டம்ளர், பாய், டிரங்குப் பெட்டி, பாவாடை நாடா எல்லாவற்றிலும் அதுதான். கூப்பிடுவதும் பாதி நேரம் நம்பரை வைத்துத்தான்.

காலையிலிருந்து இரவு வரை என்னென்ன வேலை செய்வீர்கள்? என் பேத்தி பள்ளித் திட்டப்பணிக்குக் கேட்கிறாள். (மதுரையிலிருந்து ஒரு பாட்டி)

பேத்திக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐந்து மணிக்குத் தண்டவாளத் துண்டில் அடிப்பார்கள். அதுதான் மணி. பாயைச் சுருட்டி வைத்ததும் ‘முறை’ ஆரம்பம். வேலைக்கு எங்களிடம் முறை என்று பெயர்: தண்ணீர் முறை, முற்றம் முறை, அடுக்களை முறை, விளக்கு முறை, சாணி முறை. வாரத்துக்கு ஒன்று மாறும். பெரிய பிள்ளை ஒருத்தியும் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரு கூட்டு. பெரியவளை ‘அக்கா’ என்போம். அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

தண்ணீர் முறைதான் கடினம். உருளைக் கிணறு, பனையோலைப் பட்டையால் இறைக்க வேண்டும். அடுக்களைத் தொட்டிக்கு ஒரு கூட்டுக்கு இருபது குடம். விளக்கு முறை சின்னக் கைகளுக்கென்றே வைத்தது. அரிக்கேன் சிம்னிக்குள் கையை விட்டு, சாம்பல் தொட்ட துணியால் புகைக்கரியைத் துடைக்க வேண்டும். கை பெரிதாகி உள்ளே நுழையாமல் போன அன்றைக்கு அந்த முறையிலிருந்து விடுதலை. ஒரு சிம்னி உடைந்தால் வாரம் பூராவும் ராத்திரிச் சோற்றுக்குக் குழம்பு கிடையாது.

அடுக்களை முறையில் சொளகில் அரிசி புடைத்துக் கல் பொறுக்குவது, புளியில் கொட்டை எடுப்பது, ஆட்டுரல். அமெரிக்காவிலிருந்து ‘கேர்’ என்கிற தொண்டு நிறுவனம் அனுப்பிய கோதுமை ரவையும் பால் பவுடரும் எங்களுக்கும் வந்தன. அந்தப் பவுடரைக் கட்டி தட்டாமல் கரைப்பது ஒரு தனி வித்தை. கட்டி தட்டினால் எங்களுக்குத்தான் கொண்டாட்டம், கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொள்வோம், அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் இனிக்கும்.

முற்றம் முறையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் காலைப் பற்றிப் பேசியதே வீண். எங்கள் முற்றம் சிவந்த மணல். அரை ஏக்கர் இருக்கும். வாரியலால் பெருக்கும்போது முன்னால் பார்த்து நடக்கக்கூடாது. பின்னாலேயே நடந்து, அரைவட்டம் அரைவட்டமாகக் கோலம் விழுகிற மாதிரி பெருக்கிக்கொண்டு போய், கடைசியில் திண்ணைப் படியில் ஏறிவிட வேண்டும். முடிந்தபின் முற்றத்தில் ஒரு கால்தடம் இருக்கக்கூடாது. ஆறரை மணிக்கு மேட்ரன் அம்மா வந்து படியில் நின்று பார்ப்பார். சுத்தமான மணலைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் ஆசை, அது வேறு விஷயம்.

இரவில்தான் இருக்கிறது சங்கதி. சாயங்காலம் இன்னொரு தடவை பெருக்கச் சொல்வார்கள். ஏன் என்று ரொம்ப நாள் எங்களுக்குத் தெரியாது. கொல்லையில் ஒரு நெல்லி மரம் உண்டு. ராத்திரி எவளாவது எழுந்து போய்ப் பறித்தால் காலையில் மணல் காட்டிக்கொடுத்துவிடும். அம்மா தடத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். ஒருத்திக்குச் சுண்டுவிரல் மண்ணில் படாது. ஒருத்திக்குத் தட்டைப் பாதம், முழுசாகப் பதியும். எனக்கு இடது குதிகாலில் ஒரு பழைய வெட்டு, மணலில் பிறை மாதிரி விழும். நெல்லிக்காய்க்காகவே அந்த விறகுச் செருப்பை நாங்கள் இரண்டு தடவை திருடியிருக்கிறோம். டயர்த் தடத்தைப் பார்த்து அம்மா என்ன செய்தார் தெரியுமா? எட்டு விறகுக்காரிகளையும் நிற்கவைத்து வாயை முகர்ந்து பார்த்தார்.

வெள்ளை கேன்வாஸ் ஷூ? டிரில் வகுப்பு இருந்திருக்குமே? (தஞ்சாவூர் வாசகர்)

பன்னிரண்டு ஜோடி பள்ளிக்கூடத்தில் இருந்தது, குடியரசு தினத்துக்கும் இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்கும். சாக்பீஸ் துண்டுகளை ஊறவைத்து அரைத்துப் பூசுவோம். விரல் பக்கம் பழந்துணி திணித்தால் எல்லாருக்கும் அளவாகிவிடும். நடக்க நடக்க வெள்ளைப் புகை பறக்கும்.

வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாகத் துணியும் ஷூவும் வருமாமே? என் அம்மா சொல்வார். அவரும் ஒரு விடுதியில் வளர்ந்தவர். (நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி)

உங்கள் அம்மா சொன்னது உண்மை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் மரப்பெட்டி வரும். திறந்தால் நாப்தலின் உருண்டை வாசனை. தேரிக்காட்டு வெயிலுக்குக் கம்பளி ஸ்வெட்டர்! அதைப் பிரித்து நூலாக்கி வேறு ஏதாவது பின்னுவோம். ஷூக்களில் பாதி ஒற்றைக்கால். அனுப்பியவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்பியிருப்பார்கள். ஆனால் எங்கள் காலை யாரும் அளந்து அனுப்பவில்லை.

ஒரு வருஷம் எனக்குச் சிவப்புத் தோல் ஷூ கிடைத்தது, பக்கவாட்டில் பக்கிள் வைத்தது. அப்போது எனக்கு வயது பத்து. இரண்டு அளவு சின்னது. விரலை மடக்கி உள்ளே திணித்துக்கொண்டு, வலிக்கவில்லை என்று சத்தியம் பண்ணினேன். பிடுங்கிவிடுவார்களே! ஆராதனைக்கு அதைப் போட்டுக்கொண்டு போனால், கோயில் வாசலில் எல்லாரையும் போல நானும் கழற்ற வேண்டியதாயிற்று. எங்கள் பக்கம் சர்ச்சுக்குள்ளும் செருப்போடு போகமாட்டோம். அப்புறம் படம் எடுத்தார்கள், அனுப்பியவர்களுக்குக் காட்ட. படம் முடிந்ததும் ஷூக்களை எல்லாம் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். அடுத்த வருஷப் படத்துக்கு அதே ஷூ, வேறு பிள்ளை. மூன்றாவது வருஷம் அலமாரியைத் திறந்தபோது என் சிவப்பு ஷூவுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. அது ஒன்றுதான் அந்த ஷூவை நிம்மதியாக அனுபவித்தது.

நான் சென்ற முறை கொடுத்த படம் அந்த ஷூப் படம் இல்லை. அது ஊர்க்காரர் ஒருவர் சும்மா எடுத்தது, அதனால்தான் கால் வெறுமையாக இருக்கிறது.

நான் கிராம செவிலியராக இருந்தவள். வெறுங்கால் என்றதும் எனக்குக் கொக்கிப்புழுதான் ஞாபகம் வருகிறது. உங்கள் இல்லத்தில் எப்படி? (புதுக்கோட்டை)

சரியான இடத்தில் கை வைத்தீர்கள், சிஸ்டர். தேரி மணல் காய்ந்த மணல், அதில் பயமில்லை. கிணற்றடி வாழைத்தோப்புதான் வில்லன். நிழல், ஈரம், சின்னப் பிள்ளைகள் அவசரத்துக்கு ஒதுங்குகிற இடமும் அதுவே. மலத்தோடு விழுந்த முட்டை ஈர மண்ணில் பொரித்துப் புழுவாகி, விரலிடுக்குத் தோல் வழியாக ஏறும். அங்கிருந்து ரத்தத்தில் கலந்து நுரையீரல், தொண்டை, கடைசியில் குடல். குடலில் கொக்கி போட்டுக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். இதெல்லாம் ஆசிரியப் பயிற்சியில் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அதுவரை எங்களுக்குத் தெரிந்தது விரலிடுக்கில் நமைச்சல் மட்டும். அதற்கு ‘மண்கடி’ என்று நாங்களே ஒரு பெயர் வைத்து, வேப்பெண்ணெய் தடவிக்கொள்வோம்.

தண்ணீர் முறையில் இருக்கிற பிள்ளைகள்தான் வெளிறிப்போவார்கள். மூச்சு வாங்குகிறது என்று குடத்தை இறக்கி வைத்தால் ‘சோம்பேறி’ என்று பட்டம். என் பாய்க்கு இரண்டு பாய் தள்ளிப் படுத்த ஒருத்தி சாம்பலையும் மண்ணையும் அள்ளித் தின்பாள். அதற்கும் அடி வாங்கினாள். ரத்தம் குறைந்தால் மண் தின்னத் தோன்றும் என்று மேட்ரன் அம்மாவுக்கு யார் சொல்ல? கக்கூஸ் வாசலில் கிடந்த மூன்று ஜோடிக் கட்டைச் செருப்பை வாழைத்தோப்பு வாசலில் முப்பதாகப் போட்டிருந்தால் பாதி சோம்பேறிகள் காணாமல் போயிருப்பார்கள். இப்போது பிப்ரவரி 10 குடற்புழு நீக்க நாள் என்று வைத்து, பள்ளிக்கூடத்தில் மாத்திரை கொடுக்கிறார்கள். 2015-லிருந்து நடக்கிறது. அந்த மாத்திரையை விழுங்க அழுகிற பிள்ளையைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும்.

இந்த மாதிரி இல்லங்கள் எப்போது தொடங்கின? (சேலம் கல்லூரி மாணவர்)

தென்பக்கத்தில் பல இல்லங்களுக்கு வித்து 1876–78 பஞ்சம். தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதுதான். பெற்றோரை இழந்த பிள்ளைகளை மிஷன்கள் எடுத்து வளர்த்தன, கூடவே கைத்தொழிலும் கற்றுக்கொடுத்தன. நாசரேத் தொழிற்பள்ளி 1878. டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் தொடங்கியது 1901. மயிலாப்பூர் ராமகிருஷ்ண மாணவர் இல்லம் 1905, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் அவ்வை இல்லம் 1930, பால மந்திர் 1949. சென்னை மாகாணத்துக் குழந்தைகள் சட்டம் 1920-லேயே வந்துவிட்டது, இந்தியாவில் முதலாவது. இதில் எந்த இல்லத்திலும் நான் வளரவில்லை தம்பி, என் புலம்பலை அவர்கள் தலையில் ஏற்றி எழுதிவிடாதே.

இன்னொன்றும் குறித்துக்கொள். ‘அநாதை’ என்று எழுதுகிறாய். எங்களில் பாதிப் பேருக்கு மேல் அம்மா இருந்தார். என் அப்பா பனையேறி. மரத்திலிருந்து விழுந்து இறந்தார். நாலு பிள்ளைக்கு அம்மாவால் கஞ்சி ஊற்ற முடியவில்லை, என்னை இங்கே விட்டார். வருஷம் இரண்டு தடவை கருப்பட்டியோடு வந்து பார்ப்பார். அவரும் வெறுங்காலோடு பதினொரு மைல் நடந்துதான் வருவார்.

பிள்ளைகளுக்கு வேலை கொடுப்பது நல்லதுதானே? இன்றைய பிள்ளைகள் குடித்த டம்ளரைக்கூடக் கழுவுவதில்லை. நீங்கள் குறையாகச் சொல்வது ஏன்? (கோயம்புத்தூரிலிருந்து ஒரு தாத்தா)

அண்ணாச்சி, நான் முற்றம் பெருக்கியதைக் குறையாகச் சொல்லவில்லை. தண்ணீர் இறைத்ததையும் சொல்லவில்லை. நாங்கள் குடிக்கிற தண்ணீர், நாங்கள் படுக்கிற இடம். இன்றைக்கும் எழுபது வயதுக்கு மேல் என் துணியை நானேதான் துவைக்கிறேன். அந்தப் பழக்கம் அங்கிருந்து வந்ததுதான்.

குறை வேறு. தண்ணீர் முறையில் இருபது குடம் அடுக்களைக்கு என்றேன். அதற்கப்புறம் பத்துக் குடம், இல்லத்தை நடத்திய பெரிய ஐயாவின் பங்களாவுக்கு. அது கணக்கில் வராது, முறைப் பலகையில் எழுதியும் இருக்காது. ராத்திரி மேட்ரன் அம்மாவுக்குக் கால் பிடித்துவிட ஒருத்தி, அதுவும் முறைதான். சனிக்கிழமை சாயங்காலம் பெரிய ஐயாவின் கறுப்பு ஷூவுக்கு செர்ரி பிளாசம் பாலிஷ் போட வேண்டும். அந்த முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். டப்பா வாசனை, பிரஷ், துணியை இழுத்து இழுத்துத் தேய்த்தால் தெரிகிற முகம். ஷூவுக்குள் கையை விட்டுக்கொண்டு தரையில் நடக்கவைத்துப் பார்ப்பேன். காலை விட மட்டும் தைரியம் வந்ததில்லை.

ஞாயிறு பள்ளியில் மோசே முட்செடிக்கு முன்னால் பாதரட்சையைக் கழற்றிய கதை சொல்லும்போது எங்களில் ஒருத்தி எழுந்து, “செருப்பு இல்லாதவுக என்னத்தக் கழட்ட?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அவளை வெளியே நிற்கவைத்தார்கள். வெளியே வெயில்.

பிறகு லேஸ். எங்கள் பக்கத்துக்கு லேஸ் பின்னல் பழையது. நாகர்கோவிலில் மால்ட் அம்மையாரும் இடையன்குடியில் கால்டுவெல் அம்மையாரும் கொண்டுவந்த கலை. எங்கள் இல்லத்திலும் பத்துப் பிள்ளைகள் லேஸ் பின்னினார்கள். கை சொரசொரத்தால் நூல் சிக்கும் என்று அவர்களுக்குச் சாம்பல் வேலை, விறகு வேலை கிடையாது. பாயில் உட்கார்ந்தே இருப்பார்கள், பாதம் பூப்போல இருக்கும். நாங்கள் பொறாமையில் வெந்தோம். பின்னாளில் அவர்களில் ஒருத்தியைச் சந்தித்தபோது அவள் சொன்னாள்: “உங்களுக்காவது ஓடியாடத் தெம்பு இருந்துச்சு. எனக்குப் பதினெட்டு வயசுல கண்ணு மங்கிட்டு.” லேஸ் விற்ற பணத்தில் ஒரு காசும் பின்னிய பிள்ளைகள் கைக்கு வரவில்லை. ஒழுக்கம் என்று நீங்கள் சொல்வதில் இது எந்தப் பக்கம் சேரும் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஹவாய் வார் பிய்ந்துகொண்டால் என்ன செய்வீர்கள்? என் காலத்தில் ஊக்கு மாட்டுவோம். (திண்டுக்கல்)

நாங்களும் அதேதான். அடியில் குமிழுக்குக் கீழே ஊக்கைக் குறுக்கே மாட்டினால் ஆறு மாதம் ஓடும். அடி தேய்ந்து ஓட்டையாகும்வரை போட்டு, அப்புறம் அந்த ரப்பரை வட்டமாக வெட்டிப் பொம்மை வண்டிக்குச் சக்கரம்.

கேட்கத் தயக்கமாக இருக்கிறது. செருப்புப் போட்டு நடக்க ஊரில் அனுமதி இல்லாத சாதிப் பிள்ளைகளும் உங்களோடு இருந்திருப்பார்கள். இல்லத்தில் அது எப்படி இருந்தது? (ஊர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

இருந்தார்கள். பந்தியில் எல்லாரும் ஒரே வரிசை, ஒரே கிணறு. அந்த ஒன்றுக்காக அந்த இல்லத்துக்கு நான் எப்போதும் கடன்பட்டவள். ஆனால் இல்லத்துக்கு வெளியே லீவு என்று ஒன்று இருந்ததே.

என் பாய்த்தோழி மேற்கே கரிசல் ஊர்க்காரி. 1968-ல் எங்களுக்கு ஹவாய் கொடுத்தார்கள் என்றேன் அல்லவா, அவளுக்கும் கிடைத்தது. முதல் ராத்திரி அதைத் தலைக்கு வைத்துத்தான் படுத்தாள். கோடை லீவுக்கு ஊருக்குப் போனோம். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது மேட்ரன் அம்மா எல்லார் செருப்பையும் வரிசையாக வைக்கச் சொல்லிப் பார்த்தார். எங்களுடையது தேய்ந்து, வார் நைந்து கிடந்தது. அவளுடையது மட்டும் கடையில் வாங்கின மாதிரி. அம்மா அதைக் கையில் எடுத்து எல்லாருக்கும் காட்டினார். “பாருங்க, பொருளை எப்படிப் பத்திரமா வச்சிருக்கா. இவகிட்டக் கத்துக்கிடுங்க.” கைதட்டச் சொன்னார். நாங்களும் தட்டினோம்.

அவள் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி விளக்கணைந்த பின்னால் எனக்கு மட்டும் சொன்னாள். பஸ்ஸை விட்டு இறங்கின உடனே அவள் அப்பா செருப்பைக் கழற்றச் சொல்லி மஞ்சப்பையில் போட்டுச் சுருட்டிக்கொண்டாராம். பெரிய தெருவைத் தாண்டித்தான் அவர்கள் வீடு. வீட்டுக்குப் போனபின் எடுத்துப் பரணில் வைத்துவிட்டார், எவர் கண்ணிலும் பட்டுவிடக்கூடாது என்று. இரண்டு மாதமும் அது பரணில்தான் இருந்தது. தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955-லேயே வந்துவிட்டது. அவள் அப்பாவுக்கு அந்தத் தெருவில் சட்டத்தைக் கொண்டுபோய்க் காட்ட முடியுமா?

மறுநாள் காலையில் அவள் முற்றம் முறை. பெருக்கி முடித்தபின், செருப்பைப் போட்டுக்கொண்டு, பெருக்கின மணலின் குறுக்கே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள். ஹவாய் அடியில் சின்னச் சின்னக் கோடுகள் இருக்குமே, அது அப்படியே பதிந்திருந்தது. மேட்ரன் அம்மா படியில் நின்று பார்த்தார். என்ன நினைத்தாரோ, அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது இல்லப் பிள்ளைகளுக்குச் செருப்பு கிடைக்கிறதா? (கரூர்)

சிறார் நீதிச் சட்டத்துக்கு 2016-ல் வந்த மாதிரி விதிகளில், பிள்ளைக்கு இவ்வளவு உடை, இவ்வளவு படுக்கை என்கிற பட்டியலில் காலணியும் இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் 2012-லிருந்து இலவசக் காலணி வேறு. நான் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் பக்கத்து இல்லம் ஒன்றுக்குப் போய்வருகிறேன். வாசலில் செருப்புகள் குவியலாகக் கிடக்கின்றன, வரிசையாக வைக்கச் சொல்லி வார்டன் கத்திக்கொண்டிருக்கிறார். கேட்கக் காதுக்கு இனிமையாக இருக்கிறது.

பாட்டி, இப்போ உங்ககிட்ட எத்தனை ஜோடி செருப்பு இருக்கு? (ஆறாம் வகுப்பு மாணவி, விருதுநகர்)

ஒன்பது, கண்ணு. என் மருமகள் சிரிக்கிறாள். இரண்டு ஜோடி இன்னும் பெட்டியைவிட்டே எடுக்கவில்லை.

போன மாதம் பத்தாவதும் வந்துவிட்டது. எனக்குச் சுகர். டாக்டர் உள்ளங்காலில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை வைத்து அழுத்தி, “தெரியுதாம்மா?” என்று கேட்டார். சில இடத்தில் தெரிந்தது, சில இடத்தில் தெரியவில்லை. இனிமேல் வீட்டுக்குள்ளேயும் வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்று சொல்லி, எம்.சி.ஆர். செருப்பு வாங்கச் சொன்னார். உள்ளே மெத்தென்று ரப்பர் வைத்த செருப்பு. காலில் உணர்ச்சி இல்லாதவர்களுக்கென்று செய்வது.

கடைக்குப் போனேன். பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, “நம்பர் சொல்லுங்கம்மா” என்றான். நான் நினைக்கவே இல்லை, வாய் தானாக “43” என்றது. அவன் எட்டிக் குனிந்து என் காலைப் பார்த்தான். “அது ஆம்பளைங்க சைஸும்மா. இப்படி உட்காருங்க” என்று சொல்லி, ஸ்டூலை இழுத்துப்போட்டு, தரையில் உட்கார்ந்து, என் காலை எடுத்து அளவுப் பலகையில் வைத்தான்.